எடையைக் கேட்பவன்

நீடாமங்கலம் கேட் மூடிக்கிடந்த இருபது நிமிடத்தில்
உரக்கடை மாடியில் உட்கார்ந்து
அவனை எழுதினேன்.
தனி ஃபைல் கிடையாது, பேர் கிடையாது.
தராசைத் தொட்ட வரியிலேயே
புதிது என்று ஒரு சொல், இரண்டு சுருள் அடைப்பு,
நடுவில் ஒரே வேலை:
எடை நின்றதும் ஒன்று கூட்டு.

பேர் வைக்க நேரமில்லை என்பது பாதி உண்மை.
ஓரிடத்தில் ஒருமுறை வேண்டியவனுக்குப்
பேர் எதற்கு என்றுதான் படித்திருந்தேன்.
வேறெங்கிருந்தும் அவனை யாரும் கூப்பிடப் போவதில்லை.
தராசு கூப்பிடும். அதற்கும் பேர் தேவையில்லை.

கேட்பவன் என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
காது கொடுப்பவனா, கேள்வி கேட்பவனா,
கையேந்திக் கேட்பவனா,
ஒரு சொல்லுக்குள் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.
என்னுடையவன் முதல் ஆள்.
காத்திருப்பான். ஏன் என்று கேட்கமாட்டான்.

புரட்டாசி பதினெட்டு.
கோவில்வெண்ணிக்குத் தெற்கே கொள்முதல் நிலையத்திலிருந்து
பட்டியல் எழுத்தர் தையல்நாயகி போனில் கத்தினார்:
"ஒரு சிப்பம் வச்சா மூணுங்குது உங்க ஆப்பு.
சிங்காரவேலுக்கு இருபது மூட்டை, அறுபதுன்னு நிக்குது.
அவரு வேற, அப்படியே இருக்கட்டுமேங்கறாரு."

வெண்ணாற்றுப் பாலத்தில் மழை பிடித்துக்கொண்டது.
போய்ச் சேர்ந்தபோது தார்ப்பாய்க்கு மேலே குளம்,
கீழே குறுவை.
சாக்குக் கட்டின்மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்ததும்
தெரிந்துவிட்டது.
நடுவில் இரண்டு தடவை அந்தம்மாவுக்கு போன் வந்திருக்கிறது.
திரை போய்த் திரை வந்த ஒவ்வொரு தடவையும்
புதிதாக ஒருவனை நிறுத்தியிருக்கிறேன்,
முன்னால் நின்றவனை அனுப்பாமல்.

எப்படி அனுப்புவது?
நீக்கு என்று எழுதினால்
யாரை என்று கேட்கிறது அடுத்த இடம்.
அச்சு அசலாக இன்னொருவனை அங்கேயே எழுதி
அவனை நீக்கு என்றேன்.
தராசுக்கு அவனைத் தெரியவில்லை.
மூன்று பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள்,
அதில் இருவர், என்றோ மூடிப்போன திரையைத்
தோளிலிருந்து இறக்காமல்.
மெமரி ஏறிக்கொண்டே போனது.

கம்பைலர் மட்டும் ஒரு பேர் வைத்திருந்தது,
மூவருக்கும் சேர்த்து ஒன்றே:
வெளியே இருக்கும் கிளாஸின் பேர்,
ஒரு டாலர் குறி, எண் ஒன்று.
நமக்கு அப்பன் பேர் ஓர் எழுத்தாகச் சுருங்கும்.
இங்கே அப்பன் முழுசாக நிற்க
பிள்ளைதான் சுருங்கியிருந்தான்.

தராசுக்குப் பக்கத்தில் ஒருவர் குந்தியிருந்தார்.
பீப் என்றதும் எழுந்து,
சிப்பத்தைத் தோளுக்கு மாற்றி, அட்டியில் போட்டு,
திரும்பி வந்து அதே ஈரத்தடத்தில் குந்துவார்.
பதினோரு தடவை பார்த்துவிட்டுப் பேர் கேட்டேன்.
"எதுக்குங்க?
பில்லுல போடணும்னா குடிதாங்கி செட்டு,
ரெண்டாவது ஆளுன்னு போட்டுக்கங்க.
கூலி அவருகிட்டதான் வரும்."
அதற்குள் பீப் என்றது.
நான் திரும்பக் கேட்கவில்லை.

என்னுடையவனை அடைப்புக்குறியிலிருந்து வெளியே எடுத்தேன்.
தனி வரி கொடுத்தேன், எடைக்காவல் என்று பேர் கொடுத்தேன்.
திரை வந்தால் சேர், போனால் நீக்கு.
போனான். வந்தான். ஒன்றுக்கு ஒன்று என்றது கணக்கு.
சிங்காரவேலு இருபதுக்கு உண்டான ரசீதை
நாலாக மடித்து, என்னைப் பார்க்காமல் போனார்.

அந்த ஆப்பில் இன்னும் பதினான்கு பட்டன் இருக்கிறது.
பதினான்கிலும் பேரில்லாதவர்கள்தான்.
பட்டன் ஒரு நேரத்தில் ஒருவனைத்தான் வைத்துக்கொள்ளும்,
புதியவன் வந்தால் பழையவன் தானாகப் போய்விடுவான்.
ஆபத்தில்லை என்று விட்டுவிட்டேன்.

திரும்பும்போது கேட் மூடியிருந்தது.
எஞ்சினை அணைத்துவிட்டுக் கூட்ஸ் சத்தத்துக்குக்
காது வைத்தேன்.
பச்சைக் கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்தபடி
கேட்காரர் எனக்குத் தலையசைத்தார்.
ஒன்பது வருடமாக அசைக்கிறார்.